மாமியார் நடுக்கம்

லுப்வாமா அட்டைத் தடுப்புக்குப் பின்னால் குந்தியிருந்தான். மாமியார் வருகிற நாளில் மருமகன் வேறெங்கே இருப்பான்?

உகாண்டாவின் கம்பாலாவில் குன்றின்மேல் இருந்த தேவாலயக் கூடத்தில் அந்தச் சனிக்கிழமை புது வீடியோ கேம்களின் கண்காட்சி. பெரிய கம்பெனி எதுவும் வரவில்லை. ஒருவரும் இருவருமாக, வீட்டு மூலையில் கிடைத்த நாற்காலியில் உட்கார்ந்து செய்த விளையாட்டுகள்தாம் அத்தனையும். கூடத்தை இலவசமாகக் கொடுத்த போதகர் ஒரே ஒரு நிபந்தனை போட்டிருந்தார், ஜெபத்தோடு தொடங்க வேண்டும் என்று. ஜெபித்ததும் மனதாரத்தான். "ஆண்டவரே, இந்த விளையாட்டுகளில் இன்று சாகப்போகிற எல்லாரையும் நினைத்தருளும். மூன்று முறை மட்டுமே உயிர்த்தெழ முடிந்தவர்களுக்கு விசேஷமாக இரங்கும்." கூடம் முழுக்க ஆமென் சொன்னது.

இடப்பக்க மேசையில் இருந்த விளையாட்டில் ஆடுகிறவர் ஒரு சாலைக்குழி. மழைக்குக் காத்திருந்து, லாரிக்குக் காத்திருந்து பெரிதாக வளர வேண்டும். மந்திரி வருகிறார் என்று செய்தி வந்தால் ஆட்டம் முடிந்தது, மூடிவிடுவார்கள். வலப்பக்கம் நைரோபியிலிருந்து வந்த இரண்டு பெண்கள். அவர்களுடையதில் கல்யாண விருந்துக்கு இழுத்துப் போகப்படும் ஆடு, வழியில் பார்க்கிறவர்களிடமெல்லாம் நியாயம் பேசியே தப்பிக்க வேண்டும். இரண்டையும் ஒருமுறை ஆடிப் பார்த்தால் ஒருவருக்கும் நஷ்டமில்லை.

லுப்வாமாவும் அவன் நண்பன் ஓதிமும் செய்ததன் பெயர் 'மாமியார் வருகிறார்'. வாழையிலையில் கட்டி அவித்த கோழியைக் கூடையில் எடுத்துப்போய், மாப்பிள்ளை மாமியார் வீட்டு வாசலில் வைத்துவிட்டுத் திரும்ப வேண்டும். அவ்வளவுதான். ஆனால் வழியெல்லாம் மாமியார் நடமாடுவாள். அவளை எதிரே பார்க்கக் கூடாது. தொடவே கூடாது. தொட்டுவிட்ட மருமகனுக்குக் கை நடுக்கம் வரும் என்பது அங்கே பால்குடிப் பிள்ளைக்கும் தெரியும். சட்டமாயிருந்தால் யாராவது மீறிப் பார்த்திருப்பார்கள். இது சட்டமில்லை, அதனால் யாரும் மீறவில்லை.

லுப்வாமாவுக்கு அன்று பரிசோ பாராட்டோ பெரிதில்லை. அவன் மனைவி கிஸ்ஸா முகோனோவில் இருந்த தாய்வீட்டுக்குப் போய் ஐந்து வாரம் ஆகியிருந்தது. பக்கத்து வீட்டுக்காரி சும்மா இருக்காமல் முகோனோவுக்குப் போன் போட்டு, "உங்க மருமகன் பகல்ல வீட்ல உக்காந்து கோழியக் குதிக்க வச்சிட்டிருக்கார்" என்று சொல்லிவிட்டாள். மாமியார் மகளைக் கூப்பிட்டுக்கொண்டாள். "நானே நேர்ல வந்து பாக்குறேன். வேலைன்னு எனக்குத் தோணினா நீ திரும்பிப் போ. விளையாட்டுன்னு தோணினா உன் பெட்டியெல்லாம் எடுக்க உன் அண்ணன அனுப்புறேன்" என்பது அவள் தீர்ப்பு.

இரட்டைப் பிள்ளை பெற்றவள் என்பதால் ஊரே அவளை நாலோங்கோ என்றுதான் மரியாதையாக அழைத்தது. கூர்த்தோள் வைத்த பச்சைக் கொமேசி உடை கட்டி, இடுப்புக் கச்சையை இறுக்கி, மகளோடு அவள் வந்து நின்றபோது சாலைக்குழிக்காரன்கூட எழுந்து நின்றான்.

"உக்காருங்கம்மா" என்று ஓதிம் நாற்காலியைத் துடைத்தான்.

"நீ யாரு?"

"ஓதிம். படமெல்லாம் நான் வரையுறது. ஊர் வடக்க, லிரா."

"மாமியார் இருக்காங்களா?"

"இன்னும் கல்யாணம் ஆகலம்மா."

"அதான் தைரியமா வெளிய நிக்கற." நாலோங்கோ அட்டைத் தடுப்பைப் பார்த்தாள். கீழே இரண்டு செருப்பு முனை தெரிந்தது. "கிஸ்ஸா, உன் புருஷன் சாப்பிட்டாரான்னு கேளு."

"சாப்பிட்டீங்களா?" என்றாள் கிஸ்ஸா, அட்டையிடம். ஐந்து வாரத்தில் அவள் அவனிடம் கேட்ட முதல் வார்த்தை.

"முட்டை போட்ட சப்பாத்தி சாப்பிட்டேன்" என்றது அட்டை.

நாலோங்கோ கன்ட்ரோலரை வாங்கி, சந்தையில் கத்தரிக்காய் பார்ப்பதுபோலத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு ஆடத் தொடங்கினாள். திரையில் மாப்பிள்ளை கூடையைத் தூக்கிக்கொண்டு ஓடினான். வாழைத்தோப்பில் நுழைந்தான், தண்ணீர்ப் பீப்பாயில் இறங்கினான், ஒரு பசுவுக்குப் பின்னால் பசுவாக நடந்தான். "இந்த முட்டாள் எதுக்கு பசு மாதிரி நடக்கறான்?" என்று அவள் கேட்டாள். "உங்களைப் பாத்துதாம்மா" என்றான் ஓதிம். அவள் பதில் சொல்லத் திரும்பிய நொடியில் மாப்பிள்ளை மாமியார்மேல் நேராக மோதிவிட்டான்.

கன்ட்ரோலர் நடுங்க ஆரம்பித்தது.

நாலோங்கோவின் கை நடுங்கியது. வளையல் நடுங்கியது. கொமேசியின் கூர்த்தோள் இரண்டும் காற்றில்லாமல் படபடத்தன. அவள் கத்தவில்லை. மெதுவாக, "கிஸ்ஸா, எனக்கு வந்துருச்சு" என்றாள்.

"அம்மா, அது மெஷின்தான். கீழ வைங்க."

"கீழ வச்சா வியாதி போயிடுமா? நாப்பது வருஷம் காப்பாத்தின மரியாதை. இப்ப பாரு."

ஓதிம் அட்டைக்குப் பின்னால் தலையை நீட்டினான். "டேய், நிறுத்துடா அத."

"நிறுத்தறதுக்கு எதுவும் எழுதலடா" என்றான் லுப்வாமா.

"ஏண்டா?"

"அது தானா எப்படிடா நிக்கும்? மாமியார் மன்னிக்கிற வரைக்கும் நடுங்கும். எல்லாருக்கும் தெரிஞ்சதுதானே."

"எங்க ஊர்ல செஞ்சிருந்தா ரெண்டு செகண்டுன்னு போட்டிருப்போம்டா."

"அதனாலதான் உங்க ஊர்ல யாரும் மாமியாருக்குப் பயப்படறதில்ல."

ஓதிம் பேட்டரியைக் கழற்றப் போனான். நாலோங்கோ கன்ட்ரோலரை மார்போடு அணைத்துக்கொண்டாள். "தொடாத. பாதியில புடுங்கினா உள்ளயே தங்கிரும்." நைரோபிப் பெண்களில் ஒருத்தி தண்ணீர் கொண்டுவந்தாள். போதகரும் வந்தார். கைக்கு ஜெபிப்பதா, கருவிக்கு ஜெபிப்பதா என்று புரியாமல், இரண்டுக்கும் நடுவில் ஒரு கையை நீட்டியபடி நின்றுவிட்டார்.

ஒரே வழிதான் இருந்தது. இரண்டாவது கன்ட்ரோலரை எடுத்தவர் மாமியாராக ஆடலாம். அதில் வட்டப் பட்டனை அழுத்தினால் மாமியார் மன்னிப்பாள். இதுவரை ஆடிய யாரும் அந்தப் பட்டனைத் தொட்டதில்லை. மாமியாராக ஆட வாய்ப்புக் கிடைத்தவர்கள் எல்லாரும் துரத்தத்தான் ஆசைப்பட்டார்கள்.

லுப்வாமாவின் கையில் அந்த இரண்டாவது கன்ட்ரோலர் இருந்தது. ஆனாலும் தயங்கினான். மாமியாரைப் பார்ப்பதே தப்பென்றால், மாமியாராகவே ஆவது எவ்வளவு பெரிய தப்பு? அட்டைக்கு அந்தப் பக்கம் வளையல் சத்தம் நிற்காமல் கேட்டது. பயந்துபோன ஒரு மனுஷியின் வளையல். தன் மரியாதை பெரிதா, அவள் பயம் பெரிதா என்று கேட்டுக்கொண்டால் பதில் தேடி வெகுதூரம் போக வேண்டியதில்லை. 'கர்த்தாவே, பொறுத்துக்கொள்ளும்' என்று கண்ணை மூடிக்கொண்டு வட்டப் பட்டனை அழுத்தினான்.

திரையில் மாமியார் நின்றாள். முதுகைத் திருப்பிக்கொண்டாள். கச்சையைச் சரிசெய்தபடி வாழைமரத்தைப் பார்த்து, "காத்து பலமா அடிக்குது. யாரோ மோதின மாதிரியே இருந்துச்சு" என்றாள்.

நடுக்கம் நின்றது.

கண்டும் காணாததுபோல் முதுகைத் திருப்பிக்கொள்வதும் ஒரு தானம்தான். கொடுக்கிறவர் கையில் எதுவும் குறைவதில்லை, வாங்கினவர் உயிர் பிழைக்கிறார்.

நாலோங்கோ தன் விரல்களை ஒவ்வொன்றாக நீட்டிப் பார்த்தாள். எல்லாம் அதனதன் இடத்தில் சும்மா இருந்தன. "யாரு என்னை மன்னிச்சது?"

"மாமியார், அத்தே" என்றது அட்டை.

"எந்த மாமியார்?"

"நீங்கதான் அத்தே. ஒரு நிமிஷம் நான் நீங்களா இருந்தேன்" என்றது அட்டை.

"அப்ப நான்?"

"நீங்க நானா இருந்தீங்க."

நாலோங்கோ யோசித்தாள். போதகர் நீட்டிய கையை மெல்ல மடக்கிக்கொண்டார்.

"உங்க பாடு கஷ்டம்தான் மாப்பிள்ளை" என்றாள். கல்யாணமாகி ஆறு வருஷத்தில், மகளை நடுவில் வைக்காமல் மாப்பிள்ளை என்று கூப்பிட்டு அவள் அவனிடம் சொன்ன முதல் பேச்சு. பிறகு கன்ட்ரோலரை எடுத்துக்கொண்டு, "இன்னொரு தடவை விடுங்க. அந்தப் பசு இந்தத் தடவை நான்" என்றாள்.

ஒன்பதாவது முறை கோழி வாசலில் இறங்கியது. பின்னால் வரிசை நின்றது, அதில் சாலைக்குழிக்காரனும் இருந்தான். நாலோங்கோ எழுந்திருக்கவில்லை. திரையில் கூடையை எடுக்க வந்த மாமியாரை உற்றுப் பார்த்தாள். கொமேசியின் மடிப்பு, நடக்கும்போது இடப்பக்கம் சாய்கிற இடுப்பு, குதிகால் வெடிப்பு எல்லாம் அச்சாக அவளுடையதாகவே இருந்தன. தலைத்துணிக்குக் கீழே மட்டும் வழவழவென்று ஒன்றுமில்லை.

"ஏம்ப்பா இவளுக்கு மூஞ்சி இல்ல?"

"நான் அழகா ஒண்ணு வரைஞ்சேம்மா" என்றான் ஓதிம். "இவன்தான் விடல. யார் முகமோ வைக்கக் கூடாதுன்னுட்டான்."

"நான் உங்க முகத்தப் பாத்ததில்ல அத்தே" என்றான் லுப்வாமா. "கல்யாணப் போட்டோவுலகூட உங்க மேல கட்டைவிரல வச்சிட்டுத்தான் பாப்பேன்."

"இதச் செய்ய எத்தன நாளாச்சு?"

"ரெண்டு வருஷம்."

"ரெண்டு வருஷம் வீட்ல உக்காந்து, பாக்காத என்னைய இவ்வளவு தூரம் பாத்திருக்கீங்க." அவள் மூக்கை உறிஞ்சினாள். "வேலைதான் இது. ஆனா பாதி வேலை. முகம் பாக்கி. நான் சொல்றேன், நீங்க அங்கேருந்தே எழுதிக்கங்க. இடது காதுகிட்ட ஒரு மச்சம்."

"மச்சம்" என்று அட்டைக்குப் பின்னால் எழுதும் சத்தம் கேட்டது.

"கன்னம் ரெண்டும் நிறைஞ்சிருக்கும். சுருக்கம் கிடையாது. மூக்கு நேர் மூக்கு."

"நேர் மூக்கா? அம்மா!" என்றாள் கிஸ்ஸா.

"நீ சும்மா இரு."

"போதகர் இருக்கார்மா. பொய் சொல்லாதீங்க."

நாலோங்கோ போதகரைப் பார்த்தாள். போதகர் ஆடு விளையாட்டைப் பார்த்தார்.

"சரி. அவருக்கோ பாக்க வழியில்ல. எனக்கோ என் மூக்கைப் பத்தி நியாயமாப் பேச வராது" என்றாள் நாலோங்கோ. "நடுவுல ஒரு ஆள் இருக்கணும்ல? நீ அந்தப் பக்கம் போய் உக்காரு. எத்தன நாள் ஆனாலும் முடிச்சுக் குடு. பெட்டி ஒண்ணும் எடுக்க வேண்டாம், உன் துணிமணிய அண்ணன் கொண்டாந்து போடுவான்."

கிஸ்ஸா அட்டையைச் சுற்றிப் போனாள். லுப்வாமா குந்தியபடியே நகர்ந்து இடம் கொடுத்தான். அவள் அவனருகில் தரையில் உட்கார்ந்து, அவன் எழுதியிருந்த தாளை வாங்கிப் பார்த்தாள்.

"மச்சம் காதுகிட்ட இல்ல, தாடையில" என்றாள் தாழ்ந்த குரலில். "பேனாவக் குடுங்க."