மூலையில் தேங்கும் தண்ணீர்

அன்று காலையும் என் கணவர் பாண்டிராஜ் புதுவீட்டின் பின்பக்கம் பாத்திரம் கழுவும் இடத்தில் ஒரு செம்புத் தண்ணீரை ஊற்றிவிட்டுக் குந்தி உட்கார்ந்து பார்த்தார். தண்ணீர் வடிகுழாய்க்குப் போகாமல் மூலையில் தேங்கி நின்றது.

“தளத்த மறுபடியும் ஒடைச்சிரு நல்லகாமா,” என்றார் கொத்தனாரிடம்.

“அண்ணே, ஒரு கை தண்ணி. வெளக்கமாத்த வச்சுத் தள்ளுனா போயிரும். இதுக்கா இம்புட்டு ரோதனை?”

சித்தாள் மலையம்மாள் மணல் சட்டியை இறக்கிவிட்டுச் சிரித்தாள். “அண்ணே, நீங்க பால் காய்ச்சிக் குடிவாரதுக்குள்ள எம்மவ வயசுக்கு வந்துருவா.”

அவள் மகள் தமிழ்வாணி வேப்பமரத்தில் கட்டிய சேலைத் தூளியில் கிடந்தாள்.

அவர் சிரிக்கவில்லை. “வாரேன்” என்று என்னிடம் சொல்லிவிட்டு, புது டைல்ஸ் வாங்கப் பழங்காநத்தத்துக்கு வண்டியில் கிளம்பினார். பைபாஸில் லாரி மோதிவிட்டது.

குறையுள்ள வீட்டில் அடுப்புப் பற்றவைக்கக் கூடாது என்பது அவருடைய கண்டிப்பு. அதனால் விளாங்குடியில் வீடு எழும்பி நின்றும் நாங்கள் வாடகை வீட்டிலேயே இருந்தோம். அவர் போன பிறகு, அவர் நினைத்தபடி முடித்துவிட்டுத்தான் குடிபோவது என்று நான் இருந்தேன். நல்லகாமன் உடைத்தான், பதித்தான். தண்ணீர் அதே மூலையில் நின்றது. மறுபடி உடைக்கச் சொன்னேன். காலையில் பூட்டைத் திறப்பேன், தண்ணீர் ஊற்றுவேன், பார்ப்பேன், பூட்டுவேன். வேறு எதற்கும் நான் தேவைப்படவில்லை.

ஒருநாள் மழையில் தூளி நனைந்துவிட்டதென்று மலையம்மாள் பிள்ளையை உள்ளே தூக்கி வந்தாள். அது பசியில் வீறிட்டது. அவள் கையில் பாக்கெட் பால் இருந்தது.

“அக்கா, அந்த அடுப்பப் பத்தவைக்கவா?”

“வேல இன்னும் முடியலையே மலையம்மா.”

“வேல கெடக்கட்டும்க்கா. இவளுக்குப் பசி வந்துருச்சே.”

குடிபோகும் நாளுக்கென்று அவர் வாங்கி வைத்த அடுப்பும் பித்தளைப் பாத்திரமும் பிரிக்காமலே இருந்தன. நான்தான் பிரித்தேன். தாலி இழந்தவள் புதுவீட்டில் பால் காய்ச்சக் கூடாது என்பார்கள். அது அப்போது நினைவுக்கு வரவில்லை. பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்தது. துடைக்கவும் தோன்றவில்லை. குடித்த பிள்ளை என் மடியிலேயே தூங்கிப்போனது.

சாயங்காலம் அவளைத் தூக்கிக்கொண்டே மலையம்மாள் கேட்டாள். “நாளைக்கும் விட்டுட்டுப் போவட்டாக்கா?”

“விடு.”

இப்போது அந்தப் பக்கத்துச் சித்தாள்களின் பிள்ளைகள் பகலெல்லாம் என்னிடம் இருக்கிறார்கள். பூசாத சுவரில் கரியால் கிறுக்குகிறார்கள். இடுப்பு விட்டுப்போகிறது. ஆனாலும் விடிந்தால் எழுந்துவிடுகிறேன். சாப்பிட்டுக் கைகழுவப் பின்பக்கம் போகிற பிள்ளைகள் திரும்பி வரத் தாமதித்தால் எங்கே விளையாடிக்கொண்டிருப்பார்கள் என்று எனக்குத் தெரியும். தண்ணீர் இன்னும் அந்த மூலையில்தான் நிற்கிறது.