குண்டூசி வகுப்பு

என் மூச்சுப் பயிற்சி வகுப்பின் முதல் நாளில் நான் செய்த முதல் காரியம், காகிதப் பிளாஸ்திரியில் ஒரு துண்டு கிழித்து என் உதடுகளின் மேல் நானே ஒட்டிக்கொண்டதுதான். வாயை மூடிக்கொண்டு மூக்கால் மட்டும் மூச்சு விடுவது எவ்வளவு சுலபம் என்று காட்டத்தான் அப்படிச் செய்தேன். அறை நிறைய ஆட்கள். ஊருக்குப் புது ஆள், என்னதான் சொல்கிறாள் பார்ப்போமே என்று வந்தவர்கள். சலசலவென்று இருந்த அறை சட்டென்று அடங்கியது. ஆகா, கூட்டத்தைப் பிடித்துவிட்டோம் என்று நான் பூரித்த நேரத்தில், முன்வரிசையில் இருந்த பேக்கரிக்காரர் மனைவி எழுந்து வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். குரலை ரொம்பத் தாழ்த்திக் கேட்டாள்.

“யாரும்மா உன்னைப் பேசக்கூடாதுன்னு சொன்னது? உன் வீட்டுக்காரரா?”

பதில் சொல்ல வாய் வேண்டுமே. அவசரமாகப் பிளாஸ்திரியைப் பிய்த்ததில் மேலுதட்டுப் பூனைமயிரும் சேர்ந்து வந்தது, கண்ணில் தண்ணீர் முட்டியது. அந்தக் கண்ணீர் போதாதா? மறுநாள் என் கணவர் தெருவில் நடந்தபோது கடைக்காரர்கள் எல்லாம் அவரை முறைத்துப் பார்த்தார்கள். பாவம், அதிர்ந்து பேசத் தெரியாத மனிதர் அவர். வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றிக்கொண்டே, “ஊர் வாயை மூட உலைமூடி இல்லைன்னு சொல்வாங்க. நீ பிளாஸ்திரி எடுத்துட்டுப் போயிருக்க” என்றார்.

எனக்குச் சின்ன வயதிலிருந்தே இழுப்பு. படுத்துத் தூங்கிய இரவுகளைவிடச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபடி விடிந்த இரவுகள்தான் அதிகம். கல்யாணத்துக்குப் பிறகு இந்த முறையைக் கற்றுக்கொண்டேன். வாயை மூடு, மூக்கால் விடு, மெதுவாக விடு, கொஞ்சமாக விடு. அவ்வளவுதான் சங்கதி. மருந்தைத் தூக்கிக் குப்பையில் போடச் சொல்கிற கூட்டத்தைச் சேர்ந்தவள் அல்ல நான். என் பம்ப் இன்றும் கைப்பையில்தான் இருக்கிறது. ஆனால் அதைத் தேடி இரவில் பையைக் கவிழ்க்கிற பதற்றம் போய்விட்டது. பழைய ஊரில் எனக்கு ஒரு வகுப்பு இருந்தது. வேளை தவறாமல் வருவார்கள், சொன்னதைச் செய்வார்கள், எழுந்து போவார்கள். கணவருக்கு மாற்றல் வந்தபோது, செடியைத் தொட்டியோடு தூக்கி வந்து வைப்பது மாதிரி வகுப்பையும் இங்கே வைத்துவிடலாம் என்று நம்பித்தான் வந்தேன்.

இந்த ஊர் மனிதர்களின் குணம் தெரியாமல் நம்பிவிட்டேன். இங்கே யாரும் எதற்கும் முடியாது என்று சொல்ல மாட்டார்கள். வகுப்பு முடிந்து போகும்போது ஒவ்வொருவரும் என் கையைப் பிடித்து, “ரொம்ப நல்லா இருந்துச்சு டீச்சர், நாளைக்கும் வரேன்” என்பார்கள். நாளைக்கு ஒரு குருவிகூட வராது. கடைத்தெருவில் பார்த்தால் மறுபடியும் “ரொம்ப நல்லா இருந்துச்சு டீச்சர்.” முகத்தில் அடித்தாற்போல் ஒன்றைச் சொல்லிவிட்டால் நான் வருத்தப்படுவேனாம். சொல்லாமல் விட்டதில் நான் பட்ட வருத்தத்தை யாரிடம் போய்ச் சொல்ல?

வந்த ஒன்றிரண்டு பேரும் சும்மா இருந்தார்களா? கண்ணை மூடிச் சத்தமில்லாமல் உட்காரச் சொல்வேன். இரண்டு நிமிடம் போகாது, பக்கத்தில் இருப்பவரின் முழங்கையை இடிப்பார்கள். “என்ன கோவம்? ஏன் பேச மாட்டேங்கற?” இந்த ஊரில் நாலு பேர் கூடி ஒருவர் பேசாமல் இருந்தால் சண்டை என்று அர்த்தம். சண்டை என்றால் சமாதானம் பண்ண வேண்டும். சமாதானம் என்றால் பேச்சு. அதோடு வகுப்பு முடிந்தது. இதற்கெல்லாம் மேலே, மூச்சைக் குறைத்து விடச் சொன்னது அவர்களுக்குப் பெரிய அக்கிரமமாகப் பட்டது. பிறந்ததிலிருந்து டாக்டரும் டிரில் மாஸ்டரும் நன்றாக இழுத்து விடு என்றுதான் சொல்லியிருக்கிறார்கள். பேக்கரிக்காரர், அடுப்புச் சூட்டிலும் மாவுத் தூளிலும் நெஞ்சு கட்டிப்போன மனிதர், என்னை நிஜமான கவலையோடு பார்த்துக் கேட்டார். “ஏன் டீச்சர், காத்து ஓசியிலதானே வருது? அதுல போய் எதுக்குக் கஞ்சத்தனம்?”

நான் எடுத்திருந்த அறை ஒரு தையல்கடையின் மாடி. கீழே கடை, கடைக்குச் சொந்தக்காரி தையல்கார அக்கா. ஐம்பது வயதிருக்கும், கனத்த உடம்பு, அதைவிடக் கனத்த குரல். அவளுக்கும் இழுப்பு. மாடிப்படி ஏறி வந்து, கடைசிப் படியில் நின்று, பேச்சை நிறுத்தாமலே மூச்சு வாங்குவாள். ஊருக்கே வகுப்பு எடுப்பதைவிட இவள் ஒருத்தியைச் சரிசெய்தால் போதும் என்று எனக்குத் தோன்றும். அவளும் வகுப்புக்கு ஒரே ஒரு நாள் வந்தாள், ரொம்ப நல்லா இருந்துச்சு என்றாள், அதோடு சரி. ஆனால் என்னை வம்புக்கிழுப்பதை மட்டும் நிறுத்தவில்லை. ஒருமுறை வேண்டுமென்றே தெருவே கேட்கிற மாதிரி கேட்டாள். “டீச்சர், உங்க வீட்டுக்காரர் குறட்டை எங்க வீட்டுச் சன்னல் வரைக்கும் வருதே? அவருக்கு இன்னும் பாடம் ஆரம்பிக்கலையா?”

எனக்குச் சிரிப்பு வந்தது, உள்ளே வலிக்கவும் செய்தது. வாயைத் திறந்தபடி தூங்குகிறவரின் அந்தக் குறட்டை என் தோல்விக்கு நடமாடும் விளம்பரம்.

என் கணவர் வேலை பார்க்கும் தண்ணீர் அலுவலகத்தில் வரவேற்பு மேசைக்கு ஆள் தேடிக்கொண்டிருந்தார்கள். அவர் வற்புறுத்தவில்லை. ஒரு நாள் சாப்பிட்டுக் கை கழுவும்போது, “கேட்டு வச்சிருக்கேன், உனக்கு இஷ்டம்னா” என்று மட்டும் சொன்னார். வெறும் நாற்காலிகளுக்கு முன்னால் தினமும் உட்கார்ந்து எழுந்து வருவது எனக்கும் அலுத்துவிட்டது. சரி என்று சொல்லிவிட்டேன். வரும் திங்கட்கிழமை சேர வேண்டும். அந்த மேசைக்கு ஒரு சாம்பல் நிறக் கோட் உண்டு, அவரவரே தைத்துக்கொள்ள வேண்டும். துணியை வாங்கிக்கொண்டு கீழே அக்காவின் கடைக்குப் போனேன். கோட்டுக்கு அளவும் கொடுக்க வேண்டும், மாடியைக் காலி பண்ணுவதையும் சொல்ல வேண்டும். முதலாவதைச் சொன்னேன். இரண்டாவதை அடுத்த முறைக்கு ஒத்திப்போட்டேன்.

அளவெடுத்துத் துணியை வெட்டிய பிறகு, என்னைக் கூப்பிட்டுக் கண்ணாடி முன்னால் நிறுத்தி, வெட்டிய துண்டுகளை என் உடம்பின் மேலேயே பொருத்த ஆரம்பித்தாள் அக்கா. ஒரு கைப்பிடி குண்டூசியை எடுத்து உதடுகளுக்கிடையில் வரிசையாகக் கவ்விக்கொண்டாள். தோளில் ஒன்று, விலாவில் ஒன்று, கையை உடம்போடு சேர்க்கும் இடத்தில் நாலைந்து. அசையாதே என்பதைப் புருவத்தாலேயே சொன்னாள். நான் பிடித்து வைத்த பிள்ளையாராக நின்றேன். சொல்ல வேண்டியதை எப்படி ஆரம்பிப்பது என்றுதான் மனம் சுற்றிக்கொண்டிருந்தது. கொஞ்ச நேரம் கழித்துத்தான் என்னவோ குறைகிறதே என்று பட்டது. கடையில் பேச்சே இல்லை. அக்காவின் முகம் என் காதுக்குப் பக்கத்தில் இருந்தது. அவள் மூச்சு எனக்குக் கேட்கவில்லை.

திரும்பிப் பார்க்க முடியாததால் கண்ணாடியில் பார்த்தேன். பட்டன் தைக்கிற பெண்ணின் உதட்டில் நூல் நுனி. வெட்டு மேசையில் குனிந்திருந்தவளின் வாயில் அளவு நாடாவின் ஒரு முனை. எல்லார் வாயும் மூடியிருந்தது. தோள்கள் ஏறி இறங்கவில்லை. ஒருத்தியும் இன்னொருத்தியை இடித்து என்ன கோவம் என்று கேட்கவில்லை. பழைய ஊரில் என் வகுப்பின் மிக நல்ல நாளில்கூட இப்படி ஒரு அறையை நான் பார்த்ததில்லை.

கடைசிக் குண்டூசியும் கோட்டில் ஏறியது. அக்கா வாயைத் துடைத்துக்கொண்டு அடக்கி வைத்திருந்த பேச்சையெல்லாம் ஒரேயடியாகத் திறந்துவிட்டாள். துணி நல்ல துணி, ஆனால் நிறம் எடுப்பாக இல்லை, யார் சொல்லி இந்த நிறம் எடுத்தீர்கள், சொன்னவரைக் கூட்டி வாருங்கள். பத்து வார்த்தைக்குள் அவள் நெஞ்சில் இழுப்பின் பழைய விசில் கிளம்பிவிட்டது.

“அக்கா, இவ்வளவு நேரம் உங்களுக்கு இழுக்கவே இல்லை.”

“வாய்ல குண்டூசி இருக்கும்போது எப்படி டீச்சர் இழுக்கும்? இழுத்தா உள்ள போயிடுமே!”

சொல்லிவிட்டு அவளே சிரித்தாள். சிரிப்பு பாதியில் நின்றது. பட்டன் தைக்கிற பெண் நூலை உதட்டில் கவ்வியபடியே எங்களை நிமிர்ந்து பார்த்தாள். அக்கா மெதுவாக ஒரு முக்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள்.

“நீங்க மேல சொன்னது இதைத்தானா?”

“இதேதான்.”

“அடப்பாவமே. இதுக்கா டீச்சர் பிளாஸ்திரி?”

மாடியைக் காலி செய்யும் விஷயத்தை அன்று நான் சொல்லவில்லை. சொல்ல மறந்துவிட்டேன் என்று கணவரிடம் சொன்னேன். அவர் நம்பியதாகக் காட்டிக்கொண்டார்.

மறுநாள் கடை வேலை முடிந்ததும் அக்கா கீழே கடையிலேயே நாலு பேரைக் கூப்பிட்டு வைத்திருந்தாள். வகுப்பு என்று சொல்லவில்லையாம். வீட்டில் கிழிசல், பட்டன் போனது, ஓரம் பிரிந்தது ஏதாவது இருந்தால் எடுத்து வாருங்கள், உட்கார்ந்து தைக்கலாம் என்று சொன்னாளாம். கிழிசல் இல்லாத வீடு எது? குண்டூசியைப் பழகாத வாயில் வைக்க நான் சம்மதிக்கவில்லை. அக்கா வெட்டுத்துணியில் விரல் நீளத்துக்கு நாடாக்கள் கிழித்து ஆளுக்கொன்று கொடுத்தாள். அதைக் கவ்விக்கொண்டு தைக்க வேண்டும், அவ்வளவுதான் பாடம். நான் இடையில் நடந்து, எவர் தோள் ஏறுகிறதோ அந்தத் தோளில் கை வைத்தேன். மூச்சு முட்டினால் வாயைத் திற, பம்ப் தேவைப்பட்டால் எடு, டாக்டர் கொடுத்ததை நிறுத்தாதே. இதை மட்டும் தினமும் வாய்விட்டுச் சொன்னேன். மற்றபடி பேச்சு இல்லை. கையில் வேலை இருப்பவன் பேசாமல் இருந்தால் இந்த ஊரில் அது சண்டை இல்லை.

பேக்கரிக்காரர் தன் சட்டைக் கையைத் தைக்க வந்து, கால்சட்டையோடு சேர்த்துத் தைத்துக்கொண்டார். எழுந்தபோது சட்டைக் கையும் கூடவே வந்ததைப் பார்த்து எல்லாரும் நாடாவைத் துப்பிவிட்டுச் சிரித்தார்கள். அன்றைய வகுப்பு அத்தோடு போயிற்று. போகட்டும். மறுநாள் அவரே முதல் ஆளாக வந்தார், பிரித்துத் தைக்க வேண்டுமே. சனிக்கிழமை என் கணவர் வாசலில் வந்து நின்று, கையில் வைத்திருந்த தலையணை உறையைக் காட்டினார். “இதுல ஓரம் பிரிஞ்சிருக்கு” என்றார், யாரையும் பார்க்காமல். அக்கா அவருக்கு எல்லாருடையதையும்விட நீளமான நாடாவாகப் பார்த்துக் கொடுத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் வந்த பிறகு அக்கா கொஞ்சம் தாமதமாக வந்தாள். முகம் வெளுத்திருந்தது. நாடாவை எடுக்கவில்லை. நேராக என் முன்னால் வந்து நின்றாள்.

“டீச்சர், நேத்து ராத்திரி நல்லா இழுத்துச்சு. பம்ப் அடிச்சுத்தான் அடங்கிச்சு. உங்க வைத்தியம் நேத்து வேலை செய்யல.”

அறையில் ஊசிகள் நின்றன. பேக்கரிக்காரர் மனைவிக்குப் பதறிவிட்டது போலிருக்கிறது, “அப்படியெல்லாம் இல்ல டீச்சர், ரொம்ப நல்லா...” என்று ஆரம்பித்தாள். அக்கா கையைக் காட்டி நிறுத்தினாள். எனக்கு நெஞ்சு நிறைந்துபோயிற்று. இந்த ஊருக்கு வந்த பிறகு எனக்கு நேராகச் சொல்லப்பட்ட முதல் உண்மை அது. விருந்தாளியிடம் யாராவது இப்படிச் சொல்வார்களா? தங்களில் ஒருத்தியிடம்தான் சொல்வார்கள்.

“பம்ப் அடிச்சது சரிதான் அக்கா. எத்தனை மணிக்கு ஆரம்பிச்சுது, சொல்லுங்க. உக்காருங்க முதல்ல.”

அவள் உட்கார்ந்தாள். நேற்று நாள் முழுக்கக் கம்பளித் துணி வெட்டியதைச் சொன்னாள், பஞ்சுத்தூசி பறந்ததைச் சொன்னாள். நான் கேட்டேன். மற்றவர்கள் ஒவ்வொருவராகக் குனிந்து தைக்க ஆரம்பித்தார்கள். பேசி முடித்து அவளும் ஒரு நாடாவை எடுத்து உதட்டில் வைத்துக்கொண்டாள்.

என் சாம்பல் நிறக் கோட் கண்ணாடிக்குப் பக்கத்தில், மரப்பொம்மையின் மேல் நின்றது. பொருத்தி வைத்ததோடு சரி, அக்கா இன்னும் தைக்கவில்லை. நாளைக்குத் திங்கட்கிழமை. நானும் கேட்கவில்லை, அவளும் ஞாபகப்படுத்தவில்லை. வாரம் முழுக்க, துணியை மடித்துப் பிடிக்கக் குண்டூசி வேண்டியவர்கள் எழுந்து போய் அந்தக் கோட்டிலிருந்துதான் ஒவ்வொன்றாக எடுத்து வந்தார்கள். கோட்டின் இடது கை ஏற்கெனவே நழுவித் தொங்கிக்கொண்டிருந்தது. என் கணவர் தலையணை உறையின் ஓரத்தை மடித்து வைத்துக்கொண்டு, நாடாவைக் கவ்விய வாயோடு என்னைப் பார்த்துக் கையை நீட்டினார். நான் பொம்மையிடம் போய் வலது தோளிலிருந்து ஒரு ஊசியை உருவினேன். கோட்டின் வலது கையும் மெல்லச் சரிந்து தரையில் விழுந்தது. யாரும் நிமிர்ந்து பார்க்கவில்லை.