தொட்டிலில் குளோரின்

"மூன்றாம் தொட்டிலில் குளோரின் குறைவு" என்று, என்னோடு வேலை பார்க்கும் அக்காவின் கைபேசியில் எழுத்து ஓடியது. அக்கா திரையை என் பக்கம் திருப்பினார்.

"குழந்தை அழுவுதா, தூங்குதா?"

தொட்டி என்றுதான் நான் சொல்லியிருந்தேன். பேசுவதை உடனுக்குடன் எழுத்தாக்கிக் காட்டும் செயலி அது. என் குரல் அதற்குப் பாதிதான் எட்டும். ஊருக்குப் போகும் குடிநீரைச் சோதிக்கிற எங்கள் ஆய்வகத்துக்கு அது வந்ததிலிருந்து தொட்டிகள் எல்லாம் தொட்டில்கள் ஆகிவிட்டன. எங்கள் பேச்சிலும் அப்படியே ஒட்டிக்கொண்டது.

பள்ளிக்கூட வயதில் ஒரு காய்ச்சலில் அக்காவுக்குக் காது போனது. பேச்சு போகவில்லை. உதட்டைப் பார்த்தே பாதிப் பேச்சைப் பிடித்துவிடுவார். என் உதடு மட்டும் பிடிபடாது. நான் வாயைத் திறந்தால்தானே.

"காது கேக்காதவ நான், வாய் தெறக்காதவ நீ. நல்ல ஜோடிடி" என்பார்.

எங்கள் பிரிவில் பொறுப்பாளர் இடம் காலியாக இருந்தது. அனுபவத்தில் அக்காதான் மூத்தவர். ஆனால் காலைக் கூட்டத்தைப் பொறுப்பாளர்தான் நடத்த வேண்டும். அன்றைக்கு எந்தத் தொட்டியைப் பார்ப்பது என்று அங்கேதான் முடிவாகும். மேலாளர் தயங்கினார்.

"ஒரு வாரம் நடத்திப் பாருங்க. சரிவந்தா நீங்களே இருங்க" என்றார். சரிவராவிட்டால் வேறு பிரிவிலிருந்து ஆள் வரும். அதை அவர் சொல்லவில்லை, எங்களுக்கே தெரியும்.

முதல் நாள் சரிவரவில்லை. மேலாளருக்கு நாங்கள் வைத்திருக்கும் பெயர் எக்ஸ்பிரஸ். பேச ஆரம்பித்தால் எந்த ஸ்டேஷனிலும் நிற்க மாட்டார். தொட்டிகளிலிருந்து தண்ணீர் எடுத்துவரும் சவுண்டு அண்ணன் நடுவில் புகுந்தார். மூன்றாம் தொட்டி சரி என்றார் மேலாளர். ஐந்தைத் திரும்பப் பார்க்க வேண்டும் என்றார் அண்ணன். செயலி இரண்டையும் குழைத்து, "மூன்றாம் தொட்டிலைத் திரும்பப் பார்க்க வேண்டும்" என்று போட்டது. அக்கா காலை முழுவதும் மூன்றாம் தொட்டி நீரையே மறுபடி சோதித்தார். ஐந்து அப்படியே கிடந்தது.

மேலாளர் பதிவேட்டில் ஐந்துக்கு நேரே இருந்த காலிக் கட்டத்தைச் சுழித்துவிட்டுப் போனார்.

சாயங்காலம் அக்கா குடுவைகளைக் கழுவினார். நான் துடைத்தேன்.

"அந்த எடம் எனக்கு வேணும்டி" என்றார், குழாயைப் பார்த்தபடி. நான் அவருடைய ஈரக் கையைப் பிடித்து அழுத்தினேன்.

மறுநாள், சட்டையில் மாட்டிக்கொள்ளும் குட்டி மைக் ஒன்றோடு வந்தார். கைபேசியைச் சுவரிலிருந்த டிவியோடு இணைத்தார்.

"மைக் யார் கையில இருக்கோ அவங்கதான் பேசணும். மத்தவங்க வாய்க்குப் பூட்டு. சார், உங்களுக்கும்தான்."

"எனக்குமா?" என்றார் மேலாளர். டிவியில் ஒன்றும் வரவில்லை. அக்கா தன் காதைத் தொட்டுக் காட்டிச் சிரித்தார். மேலாளர் மைக்குக்குக் கை நீட்டினார். பேசி முடித்ததும் மனசில்லாமல் அடுத்தவரிடம் தந்தார். மைக்கைத் தொட்டதும் சவுண்டு அண்ணனின் குரல் புது மாப்பிள்ளைபோல அடங்கிவிட்டது.

மைக் சுற்றி வந்து என் கையில் நின்றது. அந்தக் கூட்டத்தில் நான் பேசியதே இல்லை. ஓர் இடைவெளிக்காகக் காத்திருப்பேன், அதற்குள் எக்ஸ்பிரஸ் போய்விடும். இப்போது எல்லோரும் எனக்காகக் காத்திருந்தார்கள்.

"இன்குபேட்டர் கதவு மூடல" என்றேன். கிருமி வளர்கிறதா என்று பார்க்க நீர் மாதிரிகளைச் சூட்டில் வைக்கும் பெட்டி அது.

"இன்குபேட்டர் கதை முடியல" என்றது டிவி.

"என்ன கதை? பேய்க் கதையா?" அண்ணன் பூட்டை மறந்தார். எல்லோரும் சிரித்தார்கள். அக்கா மட்டும் சிரிக்காமல் என் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் வாயை நன்றாகத் திறந்தேன்.

"கதவு. சரியா மூட மாட்டேங்குது. நான்தான் ரப்பர் பேண்ட் போட்டு இழுத்துக் கட்டி வெச்சிருக்கேன்."

மேலாளர் ஒழுங்காக மைக்கை வாங்கிக்கொண்டு கேட்டார். "ஏம்மா, இதை முன்னாடியே சொல்றதுக்கென்ன?"

அக்கா டிவியில் படித்துவிட்டு, எனக்கு முன் பதில் சொன்னார். "நீங்க விட்டாத்தானே சார்."

மேலாளர் வாயைத் திறந்தார். கையைப் பார்த்தார். மைக்கை அக்காவிடமே கொடுத்துவிட்டார்.

அதன்பின் அந்த வாரம் ஒரு தொட்டியும் விடுபடவில்லை. கதவுக்குப் புது ரப்பர் பட்டை வந்தது. கடைசி நாள் கூட்டம் முடியும்போது மேலாளர் மைக்கைக் கேட்டு வாங்கினார். தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"இனிமே இந்தப் பிரிவோட பொறுப்பு உங்களுக்குத்தான்."

எல்லோரும் டிவியைப் பார்த்தோம்.

"இனிமே இந்தப் பிரிவோட பருப்பு உங்களுக்குத்தான்."

யாரும் சிரிக்கவில்லை. அக்கா திரையை இரண்டு முறை படித்தார். பிறகு என் பக்கம் திரும்பினார். மைக் மேலாளர் கையில் இருந்தது. நான் சத்தமே இல்லாமல், வாயை மட்டும் அகலத் திறந்து சொன்னேன்: பொறுப்பு.

அவருக்குப் பிடிபட்டுவிட்டது. கண்ணைத் துடைத்துக்கொண்டு மேலாளரிடம் கை நீட்டி மைக்கை வாங்கினார்.

"ரொம்ப நன்றி சார். எல்லாரும் கேட்டுக்குங்க. இன்னையிலேர்ந்து இங்க நான்தான் பெரிய பருப்பு."

இந்த முறை டிவி ஓர் எழுத்தைக்கூட மாற்றவில்லை.