பொழுதோட வரச் சொன்னார்

கடலைப் பார்த்ததும் எனக்கு எரிச்சல்தான் வந்தது.

"பாரு வேலாத்தா, நல்லாப் பாரு. அக்கரையே தெரியாது," என்றார் சுப்பண்ணன், ஏதோ அவரே வெட்டி வைத்த குளம் மாதிரி. அவர் எங்கள் பனியன் கம்பெனி முதலாளி. மெட்ராஸுக்கு இது நாலாவது தடவை என்று ரயிலிலேயே மூன்று முறை சொல்லிவிட்டார். எனக்கு முதல் தடவை. ஆனால் நான் ஊர் பார்க்க வரவில்லை, ஊசி தேட வந்திருந்தேன்.

முழு ஊசிகூட இல்லை, முனை மட்டும். அரை நெல் அளவு இருக்கும். தொண்ணூற்று நாலில் ஒரு ஜெர்மன்காரன் எங்களிடம் கைக்குழந்தைச் சட்டை எடுத்தான். தைக்கும்போது ஊசி உடைந்தால் எல்லாத் துண்டுகளையும் தேடி எடுத்து ஓர் அட்டையில் ஒட்ட வேண்டும், செக்கிங்கில் இருப்பவர் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும் என்பது அவன் சட்டம். செக்கிங்கில் நான்தான். மாரக்காள் மிஷினில் ஊசி உடைந்த அன்று அவள் அட்டையை நீட்டினாள், நான் பார்க்காமலே கையெழுத்துப் போட்டேன். லாரி வாசலில் நின்று ஹாரன் அடித்தது என்பதெல்லாம் சாக்கு.

லாரி போன மறுநாள் மாரக்காள் அழுதுகொண்டு வந்தாள். "முனை கெடைக்கலீங்கக்கா. வைவீங்கன்னு சொல்லாம உட்டுட்டேன்," என்றாள். அட்டையை எடுத்துப் பார்த்தேன். இரண்டு துண்டுதான் ஒட்டியிருந்தது. கீழே என் கையெழுத்து அழகாக இருந்தது.

மஞ்சள் நிறம், ஆறு மாதக் குழந்தை அளவு, முப்பத்தொன்றாம் நம்பர் பெட்டி. அதுவரைக்கும் தெரியும். கப்பல் ஏறிவிட்டால் அது எந்தக் குழந்தையைக் குத்தும் என்பது தெரியாது. அதை நினைத்தால் சோறு இறங்கவில்லை.

சுப்பண்ணன் நல்ல மனிதர். விஷயத்தைச் சொன்னதும் எஸ்.டி.டி. பூத்துக்கு ஓடினார். மெட்ராஸில் எங்கள் சரக்கைக் கப்பலேற்றும் ஏஜெண்டிடம் குருசாமி என்று ஒரு தஞ்சாவூர்க்காரர் கிளார்க். "கண்டெய்னரை நாளைக்குத்தான் மூடுறோம். பொழுதோட வந்துடுங்க," என்றாராம். பொழுதோட என்றால் சாயங்காலம். ஒரு முழுப்பகல் கையில் கிடைத்ததில் முதலாளிக்கு ஒரே குஷி.

எனக்கோ சென்ட்ரலில் இறங்கியதிலிருந்து இருப்புக் கொள்ளவில்லை. எல்.ஐ.சி. கட்டடத்தைக் காட்டி மாடிகளை எண்ணச் சொன்னார். பாதியில் விட்டுவிட்டேன். கலங்கரை விளக்கத்தைக் காட்டினார். அடுத்தது செத்த காலேஜ் என்றார். மியூசியத்துக்கு அவருடைய அப்பா காலத்துப் பெயராம்.

"மொதலாளி, நேரா குடோனுக்கே போயிரலாமுங்க. ஒரு ஓரமா உக்காந்துக்கறேன்."

"பொழுதோடதான வரச் சொல்லியிருக்கறாங்க? இப்பவே போயி நின்னா அவுங்க வேலை கெடும். வா, மொதல்ல ரெண்டு இட்லி தின்னலாம்."

மணலோரம் ஓர் அம்மாள் இட்லிக்கடையை ஏறக்கட்டிக்கொண்டிருந்தாள். அப்போது மணி பத்து.

"இட்லி முடிஞ்சி போச்சும்மா. பொழுதோட வரவேணாவா?" என்றாள்.

சுப்பண்ணன் சிரித்தார். "பொழுதோட வந்தா பஜ்ஜிதானுங்க கெடைக்கும்."

"இன்னாய்யா பேசுற? வெடிஞ்சதும் பொழுதோட வந்தவங்கள்லாம் துன்னுட்டுப் போயாச்சு."

நான் அந்த அம்மாள் பக்கம் திரும்பினேன். "ஏனுங்க, இந்த ஊர்ல பொழுதோடன்னா எப்பங்க?"

"எப்பன்னா? நேரத்தோட. லேட் பண்ணாம."

முதலாளியின் முகத்தில் சிரிப்பு அப்படியே நின்றது. நான் அதற்குள் ஆட்டோவைக் கைகாட்டி நிறுத்திவிட்டேன்.

குடோன் இருந்த இடத்துக்கும் ராயபுரம் என்றுதான் பெயர். எங்கள் ஊர் ராயபுரத்தில்தான் என் வீடு. கம்பெனியிலிருந்து பத்து நிமிஷம் நடந்தால் போதும். இந்த ராயபுரம் வரவே மாட்டேன் என்றது. ஒரு பக்கம் முடிவில்லாத துறைமுக மதில், மறு பக்கம் வரிசையாக லாரிகள், நடுவில் மீன் கூடை ரிக்ஷாக்கள். மதிலுக்கு மேலே ஒரு புகைபோக்கி தெரியும்போதெல்லாம் அது எங்கள் கப்பல்தான், கிளம்பிவிட்டது என்று நினைத்தேன். முதலாளி ஒன்றையும் காட்டவில்லை.

குடோன் வாசலில் கண்டெய்னரின் ஒரு கதவை மூடியாகிவிட்டது. குருசாமி கையில் காகிதங்களோடு நின்றார்.

"என்ன சார், பொழுதோட வரச் சொன்னேனே?"

"அதுக்கும் முந்தியே வந்துட்டமுங்க," என்றார் முதலாளி பாவமாக.

குருசாமிக்கு ஒன்றும் புரியவில்லை. "உங்க பெட்டிதான் முதல்ல ஏத்தினது, ஆகக் கடைசில கெடக்கு. சீல் வைக்க கஸ்டம்ஸ் ஆபீசர் வந்துட்டார். இனிமே ஒண்ணும் செய்ய முடியாது."

முதலாளி என் பக்கம் திரும்பி மெல்லச் சொன்னார். "ஒரு முனைதான வேலாத்தா. தொவைக்கறப்ப உழுந்துரும்."

"உங்க பேத்திக்குப் போட்டுடுவீங்களா?"

பத்து வருஷத்தில் அவரை நான் இப்படிக் கேட்டதில்லை. வேலை போனால் போகட்டும் என்றுதான் கேட்டேன்.  அவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கண்டெய்னருக்குள் ஏறி முதல் பெட்டியைத் தானே தூக்கினார். சுமைக்காரர்கள் பதறிப்போய்க் கூட ஏறினார்கள். ஆபீசர் கடிகாரத்தைப் பார்த்து, "அரை மணி நேரம்," என்றார்.

முப்பத்தொன்றாம் பெட்டி கடைசியில்தான் வெளியே வந்தது. தரையில் உட்கார்ந்து, நான் செக்கிங் பார்த்ததற்கு அடையாளமாக என் ஏழாம் நம்பர் ஸ்டிக்கர் ஒட்டிய சட்டைகளை மட்டும் பிரித்தேன். ஒவ்வொரு தையலையும் விரலால் அழுத்தி அழுத்தித் தடவினேன். கை, கழுத்து, பக்கவாடு. ஒன்றிலும் இல்லை. ஆபீசர் செருமினார். நான் நிமிர்ந்து பார்க்கவில்லை.

ஒரு சட்டையின் தோள்பட்டையில் சுருக்கென்று குத்தியது. அவ்வளவு சந்தோஷமாக நான் எந்த வலியையும் பட்டதில்லை. தையலைப் பிரித்து முனையை எடுத்தேன். பையிலிருந்து அட்டையை எடுத்து, மற்ற இரண்டு துண்டுகளோடு சேர்த்து வைத்துப் பார்த்தேன். முழு ஊசி ஆனது.

முதலாளி தன் சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்து நீட்டினார். கட்டைவிரல் ரத்தம் அட்டையில் பட்டுவிடாமல், பழைய கையெழுத்துக்குக் கீழே இன்னொன்று போட்டேன். இந்தத் தடவை பார்த்துவிட்டுப் போட்டேன்.