அக்காவின் குரல் இருந்த டிஸ்க்

டக்... டக்... டக்...

அலமாரியின் கீழ்த்தட்டிலிருந்து, யாரோ விரல் முட்டியால் தட்டுவதுபோல் சத்தம் வந்தது. “தம்பி, சட்டையைக் கழட்டிக் குடு, பொத்தான்...” என்று சொல்லிக்கொண்டிருந்த அக்காவின் குரல் பாதியில் அறுந்தது.

அக்காவின் உதடுகள் அசையவில்லை. அசைந்தும் பிரயோஜனமில்லை. தொண்டையில் புற்றுநோய் என்று குரல்வளையையே எடுத்துவிட்டார்கள். ஆபரேஷனுக்கு முன்பு தம்பி அவளை மைக்கின் முன்னால் உட்காரவைத்து, வாரக்கணக்கில் பேசவைத்துப் பதிவு செய்தான். கடையில் பேரம் பேசுவது, மாமாவை வறுத்தெடுப்பது, கொஞ்சுவது, ஒன்று விடவில்லை. இப்போது அவள் கைப்பேசியில் தட்டினால், அலமாரியில் இருக்கும் கம்ப்யூட்டர் பெட்டி அந்த வார்த்தைகளைக் கோத்து அவள் குரலிலேயே பேசும்.

“முன்னைக்கு இப்ப வசதி மாப்ளே. சத்தத்தைக் குறைச்சு வெச்சுக்கலாம்” என்பார் மாமா. அடுத்த நிமிடம் பெட்டியிலிருந்து அவருக்கு அர்ச்சனை நடக்கும்.

பெட்டியில் லினக்ஸ் மென்பொருள் போட்டு, இரண்டு டிஸ்க்குகளை மிரராகக் கட்டியவனும் தம்பிதான். ஒன்றில் எழுதுவது மற்றதிலும் அப்படியே பதியும். ஒன்று செத்தால் இன்னொன்று தாங்கும். ஆபீசில் சர்வர்களைக் கட்டி மேய்ப்பவனுக்கு இது கைவந்த வேலை. முடித்த அன்று கொஞ்சம் வித்தையும் காட்டினான். அக்கா பேசிக்கொண்டிருக்கும்போதே ஒரு டிஸ்க்கின் வயரைப் பிடுங்கினான். குரல் இம்மியும் பிசகவில்லை. மாமா வாயைப் பிளந்தார்.

அதனால் இப்போது அவன் பதறவில்லை. “ஒண்ணு போயிடுச்சு போலக்கா. இன்னொண்ணு இருக்கு” என்றான். குரல் ஏன் நின்றது என்பது மட்டும்தான் உதைத்தது.

திரையைப் போட்டுப் பார்த்தான். இரண்டு டிஸ்க்குகளில் ஒன்று பல மாதமாகவே காணோம் என்றது. காணாமல்போனால் அவனுக்கு மெயில் வரவேண்டும். அந்த ஒரு வேலையைத்தான் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டிருந்தான்.

மூடியைத் திறந்தான். இரண்டாவது டிஸ்க் இருந்த இடம் காலி. வயரை அழகாகச் சுற்றி ரப்பர் பேண்ட் போட்டிருந்தது.

கீழே தன் கடையிலிருந்து மாமா படியேறி வந்தார்.

“மாமா, இங்க இன்னொரு டிஸ்க் இருந்துச்சே?”

“கடை கேமராவுக்குப் போட்டிருக்கேன். அதுல இருந்தது பழுதாயிடுச்சு. உன்கிட்ட சொல்லணும்னு நினைச்சு மறந்தே போச்சு.”

“போட்டப்ப கேமரா பெட்டி ஏதாவது கேட்டுச்சா?”

“எல்லாத்தையும் அழிக்கவான்னு கேட்டுது. இங்கதான் ஒண்ணு இருக்கேன்னு, சரின்னு அமுக்கிட்டேன்.”

தம்பி தரையில் உட்கார்ந்துவிட்டான். அந்த டிஸ்க்கில் இந்நேரம் கடைவாசலில் செருப்பைக் கழற்றுகிறவர்களும் மாட்டுகிறவர்களும்தான் மாற்றி மாற்றிப் பதிந்திருப்பார்கள். பதிவு செய்த லேப்டாப்பையோ, எல்லாம் இரண்டு இடத்தில் பத்திரமாக இருக்கிறதே என்று, அவனே அழித்து விற்றுவிட்டான். மிச்சமிருந்த டிஸ்க் தட்டிக்கொண்டே இருந்தது. ஆபீசில் ஒரு டிஸ்க்கிலிருந்து இந்தச் சத்தம் வந்தால், “குழி தோண்டிடுங்கப்பா” என்று சிரிக்கிறவன் அவன்தான். ஒருமுறை நிறுத்திப் போட்டுப் பார்த்தான். மறுபடியும் டக், டக். ஸ்விட்சை அணைத்தான்.

அக்கா கைப்பேசியில் ஏதோ தட்டிவிட்டு, அலமாரியைப் பார்த்துக் காத்திருந்தாள். ஒன்றும் வரவில்லை. மறுபடியும் தட்டினாள்.

“என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே மாமா.”

மாமா ஸ்விட்சையும் அக்காவையும் மாறி மாறிப் பார்த்தார்.

“இல்ல மாப்ளே... அன்னைக்கு நீ ஒண்ணைக் கழட்டிக் காட்டினப்பவும், அவ பேசிக்கிட்டுதானே இருந்தா.”