வாடகை என்று யாரும் சொல்லாத வீடு

1

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இந்தக் கதை எனக்கு ஓசியில் கிடைத்தது. கொடுத்தவர் ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு வக்கீல் குமாஸ்தா, பெயர் இருதயம். வெற்றிலையைக் குதப்பிக்கொண்டே சட்டம் பேசுகிற ஆள். வீட்டுக்காரன் வாங்கிய கடனுக்கு வீடு ஏலம் போனால் குடியிருப்பவன் மூட்டையைக் கட்ட வேண்டுமா என்று சும்மாதான் கேட்டேன்.

"எதுக்குக் கட்டணும்? அடமானத்துக்கு முன்னாலயே வாடகைக்கு வந்தவன்னா அவனை லேசுல அசைக்க ஏலாது. கோர்ட்டு அமீனா வருவாரு, கதவுல தாக்கீதை ஒட்டுவாரு, தமுக்கடிக்கச் சொல்லுவாரு, போயிருவாரு. பொறவு வாடகையைப் புது ஆளுகிட்ட குடுக்கணும், அம்புட்டுதான்."

"வாடகை இல்லாமல் சும்மா இருந்தால்?"

"அப்ப அவன் வீட்டுக்காரனோட ஆளுல்லா? வீட்டுக்காரனோட சேந்து அவனும் தெருவுலதான்."

வெற்றிலையைத் துப்பிவிட்டு அவர் போய்விட்டார். இந்த இரண்டு பதிலுக்கும் நடுவில் ஒரு பெண்ணை நிறுத்தியது நான்தான். அந்தப் பாவத்தை இருதயத்தின் தலையில் கட்டாதீர்கள்.

2

ஆரம்பம் லேசில் வரவில்லை.

பருத்தி விலை படுத்துவிட்ட 1934-ஆம் வருஷத்தில், ராஜபாளையத்தில் — அடித்துவிட்டேன். பருத்தி விலையைச் சொன்னால் யாருக்கு அழுகை வரும்?

மேற்கு மலையில் மேகம் இறங்கிய ஒரு — இதுவும் வேண்டாம். மலையைக் கூப்பிட்டால் அது கதையை விட்டுப் போகவே போகாது.

நேராக ஆளைச் சொல்கிறேன். தேவகிருபை. மிஷன் ஆஸ்பத்திரியில் பிரசவம் பார்க்கப் படித்தவள், புருஷன் இல்லை. ராஜபாளையத்தில் பால்ச்சாமி என்பவரின் வீட்டில் குடியிருக்கிறாள். முன்னறையில் அவள், பின்னறையில் பிள்ளை பெற வருகிற பெண்கள். பிரசவத் தீட்டு ஓயாத ஒருத்திக்கு ஊரில் யார் வீடு கொடுப்பார்கள்? இந்த வீடு போனால் அவளுக்குத் தலை சாய்க்க இடமும் இல்லை, பிழைப்பும் இல்லை. கதையில் ஆபத்து இதுதான், ஒளித்து வைக்க ஒன்றுமில்லை.

3

பால்ச்சாமியை முதலில் கெட்டவராகத்தான் எழுதினேன். பெரிய மீசை வைத்தேன். வேலை சுலபமாக முடிந்தது, கதைதான் செத்துப்போயிற்று. ஆகவே திருத்திக்கொள்கிறேன்: பால்ச்சாமி நல்லவர்.*

அவர் மனைவிக்குப் பிள்ளை குறுக்கே கிடந்தபோது தாயையும் பிள்ளையையும் பிழைக்க வைத்தவள் தேவகிருபை. அன்றைக்கு மனுஷன் நடுத்தெருவில் நின்று கத்தினார்: "ஏம்மா கிருபை, நம்ம வீடு ஒண்ணு சும்மாதான கெடக்கு, ஒன் ஆயுசு முச்சூடும் அதுல இரு! வாடகைன்னு எவனாவது பேசுனா நாக்கை அறுத்துருவேன்!" தெருவே கேட்டது. மனதாரத்தான் சொன்னார்.

அப்புறம் மழை பொய்த்தது. பால்ச்சாமிக்குக் கையில் காசு முடங்கியது. ஒரு மத்தியானம் கொல்லைப்புறமாக வந்து நின்றார்.

"தாயி, கேக்கவே வாய் வரல. மாசாமாசம் ஏதோ வாடகைன்னு குடுத்தா நல்லது. வெளிய தெரிய வேண்டாம்."

"இதுல என்ன இருக்கு அண்ணாச்சி. தாரேன்."

மாதம் தவறாமல் கொடுத்தாள். ரசீது கேட்கவில்லை.

[இந்த இடத்தில் உங்களுக்குக் கோபம் வரும். வரட்டும். எங்கள் பக்கத்தில், சொன்ன வாக்கைத் திரும்ப வாங்கிக்கொண்டு கூனிக்குறுகி நிற்கிற மனுஷனிடம் ரசீது கேட்பது செருப்பால் அடித்த மாதிரி. படித்தவள்தான், ஆனாலும் அவளுக்கு அது வாயில் வரவில்லை.]

அதற்குப் பிறகுதான் அவர் அந்த வீட்டை அடமானம் வைத்தார். கடன் அடையவில்லை. கோர்ட்டு ஏலம் போட்டது. சேத்தூர் ராக்கப்பன் எடுத்தார். அவருக்குப் பருத்தி அடுக்க ஒரு கிட்டங்கி வேண்டும்.

(* மீசையை மட்டும் எடுக்க மனம் வரவில்லை. இருந்துவிட்டுப் போகட்டும்.)

4

அமீனா உச்சி வெயிலில் வந்தார். தமுக்கு அடித்தார்கள். தெரு கூடிவிட்டது. பின்னறையில் குருவம்மாள் என்ற பெண் அன்று காலையில்தான் பிள்ளை பெற்றுப் படுத்திருக்கிறாள்.

"ஏம்மா, நீ இங்க வாடகைக்கு இருக்கியா, இல்ல வீட்டுக்காரரு சும்மா விட்டதா? யோசிச்சுச் சொல்லு" என்றார் அமீனா.

ராக்கப்பன் முந்திக்கொண்டார். "வாடகையாவது ஒண்ணாவது! அவிய நடுத்தெருவுல நின்னு சொன்னது ஊருக்கே தெரியுமே. தருமத்துக்கு விட்ட வீடுய்யா." கூட்டம் ஆமாம் ஆமாம் என்றது. எதிர்ச் சுவர் ஓரம் பால்ச்சாமி துண்டை முறுக்கிக்கொண்டு நிற்கிறார்.

தேவகிருபை என்ன சொல்வாள்? இங்கேதான் நான் நாட்கணக்கில் மாட்டிக்கொண்டேன்.

ஒரு முடிவில் "சும்மா விட்டதுதான்யா" என்று சொல்லவைத்தேன். சட்டிபானை தெருவுக்கு வந்தது. குருவம்மாளைக் கட்டிலோடு வெயிலில் இறக்கினார்கள். எழுதும்போதே எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இவள் என்ன தியாகம் செய்யவா பிறந்தாள்? கிழித்துப்போட்டேன்.

இன்னொன்றில் "வாடகை குடுத்துட்டுத்தான் இருக்கேன்" என்றாள். ரசீது எங்கே என்றார் ராக்கப்பன். கூட்டம் சிரித்தது. "நன்றி கெட்டவ" என்று ஒரு குரல். அதற்கு மேல் பேனா —

இருதயத்தையே பஸ் ஏற்றிக் கூட்டிவந்து சட்டம் பேசவைக்கலாமா என்றும் பார்த்தேன். அந்த ஆள் கதைக்குள் வந்தாலும் ஃபீஸ் கேட்பார்.

5

திரும்பத் திரும்ப எழுதியபிறகுதான் எனக்கு உறைத்தது. நான் ஏன் அவளையே போட்டு வாட்டுகிறேன்? விஷயம் தெரிந்தவர் இன்னொருவர் அங்கேயே நிற்கிறாரே! இதோ கடைசிப் படி. இனி அடிக்கப்போவதில்லை.

"என்னைய எதுக்குய்யா கேக்கிய?" என்றாள் தேவகிருபை. "வீட்டுக்காரரு அந்தா நிக்காவ. அவியகிட்டயே கேளுங்க." பிறகு அவரைப் பார்த்து, குரலை உயர்த்தாமல் சொன்னாள்: "அண்ணாச்சி, உள்ள பச்ச ஒடம்புக்காரி படுத்திருக்கா."

தெரு முழுக்க அவர் பக்கம் திரும்பியது. பால்ச்சாமி தொண்டையைச் செருமினார்.

அவரை நல்லவராக எழுதியவன் நான். அது இந்த ஒரு சொல்லுக்குப் போதுமா என்று எனக்கு நிஜமாகவே தெரியவில்லை, பயமாக இருக்கிறது. வாடகை வாங்கினேன் என்று சொன்னால் அவர் தெருவில் தலைகாட்ட முடியாது. சொல்லாவிட்டால் அவளுக்குத் தெருதான். நீங்களும் வாடகைக்கு இருந்திருப்பீர்கள், இல்லையென்றால் வாடகைக்கு விட்டிருப்பீர்கள். அவர் என்ன சொன்னார் என்று நீங்களே சொல்லுங்கள். கொஞ்சம் சீக்கிரம். ராக்கப்பனின் ஆட்கள் கட்டிலைத் தூக்கப் பின்னறைக்குள் போய்விட்டார்கள்.