தொண்ணூற்று நான்கு மில்லிகிராம்

நோரீன் ராட்லிஃப் செய்தது ஒரே ஒரு தப்பு. அதுவும் தொழிலைச் சுத்தமாகச் செய்யப் போய் வந்த தப்பு.

மேற்கு வர்ஜீனியா மலைக்குள் ஒரு வாரப் பத்திரிகை. நிருபர் அவள் ஒருத்திதான். வலி மாத்திரைக்கு அடிமையானவர்களுக்குச் சிகிச்சை ஏன் எட்டாக்கனியாக இருக்கிறது என்று துருவி எழுத, ஓர் அறக்கட்டளை அவளுக்கு ஓராண்டுச் சம்பளம் கொடுத்தது. பதினொரு மாதம் அலைந்தாள். போதை ஏக்கத்தை அடக்கும் மெத்தடோன் மருந்தைத் தினமும் குடித்துப் போக அந்த வட்டாரத்தில் இருந்தது ஒரே கிளினிக். அங்கே எதிர்த்துப் பேசுகிறவர்களுக்கு மருந்தைக் குறைத்துத் தண்டிக்கிறார்கள் என்று தெரிந்தது. வாயைத் திறக்கத் துணிந்தவர் டெல்மர் காடில் மட்டும்தான். சுரங்கத்தில் முதுகு போன மனிதர்.

அச்சேறும் முன் எதிர்த்தரப்பிடம் விளக்கம் கேட்பது பத்திரிகை தர்மம். நோரீன் கேட்டாள். பெயரை மறைத்து, "தொண்ணூற்று நான்கு மில்லிகிராம் குடித்துவந்தவருக்கு ஒரே வாரத்தில் நாற்பதாகக் குறைத்தது ஏன்?" என்று கிளினிக்குக்கு எழுதி அனுப்பினாள். அனுப்பிவிட்டு நிம்மதியாகச் சாப்பிடவும் செய்தாள், பாவி மகள்.

மூன்றாம் நாள் காலையில் டெல்மர் அலுவலகத்துக்கே வந்து நின்றார். மூக்கு ஒழுகியது, வேர்த்துக் கொட்டியது.

"அந்த எண்ணை எழுதினியாம்மா?"

"உங்க பேரைப் போடவே இல்லையே டெல்மர்."

"பேரு எதுக்கு? தொண்ணூறுல நடுங்கினேன், நூறுல தூங்கி வழிஞ்சேன். டாக்டர் பாத்துப் பாத்து நிறுத்தின அளவு அது. மொத்தக் கிளினிக்லயும் தொண்ணூத்தி நாலு குடிச்சவன் நான் ஒருத்தன்தான். நேத்து பேரை அடிச்சுட்டாங்க. இனிமே வராதேன்னுட்டாங்க."

மருந்து நின்றால் மனிதர் தெருவில் விற்பதைத்தான் தேடுவார். அதை வாங்கிச் செத்தவர்களின் இரங்கல் குறிப்புகளை எழுதுவதும் அவள்தான்.

அடுத்த கிளினிக் ஒஹையோ ஆற்றுக்கு அக்கரையில், ஒன்றரை மணி நேரப் பயணம். இன்றே வந்தால் சேர்த்துக்கொள்வதாகப் போனில் சொன்னார்கள். அப்புறம் தினமும் போக வேண்டும். டெல்மரிடம் கார் இல்லை.

பத்திரிகை ஆசிரியர் ஹோபர்ட் அறைக் கதவைச் சாத்தினார்.

"நீ கூட்டிட்டுப் போனா, அந்த ஆளை நாம விலைக்கு வாங்கினதா கிளினிக் வக்கீல் சொல்லுவான். யாரைப் பத்தி எழுதறோமோ அவங்களுக்கு எந்த உதவியும் செய்யக் கூடாதுன்னு அறக்கட்டளைக்கு நீயே கையெழுத்துப் போட்டிருக்க. ஒண்ணு கார், இல்லேன்னா கட்டுரை."

"வேற யாரு சார் இருக்கா அவருக்கு?"

"தெரியல. கட்டுரை வந்தா அங்க வரிசைல நிக்கற முந்நூறு பேருக்கு நல்லது. யோசி."

அவர் சொன்னதில் பொய் இல்லை. அதுதான் அவளுக்கு ஆத்திரமாக வந்தது. தன் மேலேயே வந்த ஆத்திரம்.

"கட்டுரையை நிறுத்திடுங்க. அவரு இல்லாம அதுல ஒண்ணுமே இல்ல," என்று சொல்லிவிட்டுச் சாவியை எடுத்தாள்.

பாலம் தாண்டும்வரை டெல்மர் கண்ணை மூடியபடி நடுங்கிக்கொண்டே வந்தார். அக்கரை வந்ததும் கேட்டார்.

"எந்த வாரம் வருதும்மா?"

"எது?"

"கட்டுரைதான். எம்பொண்ணுகிட்டச் சொல்லி வெச்சிருக்கேன், அப்பன் உருப்படியா ஒரு காரியம் பண்ணிருக்கான்னு."

அவள் சாலையைப் பார்த்தபடியே சொன்னாள். "வராது டெல்மர். உங்களைக் கார்ல ஏத்தினா அதைப் போட முடியாது."

அவர் திரும்பி, தாண்டி வந்த பாலத்தைப் பார்த்தார்.

"என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமேம்மா," என்றார்.